நாலாயிரம் அடியில் ஒரு விரல்

“ஏரோப்ளேன்ல ஒரு தடவகூட ஏறினதில்ல. ஆட்டோபைலட் நன்னா இருக்குன்னு எழுதித் தரா. அத நம்பி நான் மேல போகணும்.”

கேப்டன் வரதன் இதை என்னிடம் சொல்லவில்லை. எங்கள் ஹேங்கரின், அதாவது விமானக் கொட்டகையின், பொறுப்பு இன்ஜினியர் இப்ராஹிம் சாரிடம் சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவரோடு இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றுவரை நான் பறந்தது கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் பறந்தது கிடையாது. எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதும் கிடையாது. அப்பா ஜீயபுரத்தில் ஒரு தோப்பில் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறார். அம்மா ஸ்ரீரங்கத்தில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். நான் விமானப் பராமரிப்புப் படிப்பு முடித்து, திருச்சியில் ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளியின் ஹேங்கரில் ஏவியானிக்ஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரேடியோ, மீட்டர்கள், ஆட்டோபைலட் எல்லாம் என் கையில். இதைச் சொல்லும்போது எனக்கு முதுகு தானாக நிமிரும். நிமிரட்டும்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த விவகாரத்தை முழுதாக எழுதுகிறேன்.

1. நிற்காத விமானம்

எங்கள் நாலு சீட் விமானம் ஒன்றில் ஆட்டோபைலட்டோடு ஆல்டிட்யூட் செலக்டர் என்ற கருவி உண்டு. பெயர்தான் பெரிது, வேலை எளிது. எந்த உயரத்தில் போய் நிற்க வேண்டும் என்று பைலட் ஒரு குமிழைத் திருப்பி முன்கூட்டியே சொல்லிவைப்பார். விமானம் ஏறும். அந்த உயரத்துக்கு ஆயிரம் அடி இருக்கும்போது ‘பீப் பீப்’ என்று எச்சரிக்கும். அதற்கு அலர்ட்டர் என்று பெயர். சரியான உயரம் வந்ததும் ஆட்டோபைலட் மூக்கைத் தாழ்த்தி, அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. அதாவது, விமானம் பிடித்துக்கொள்ளவில்லை. நாலாயிரம் அடி என்று வைத்தால் நாலாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. சில நாள் மட்டும் சரியாக நின்றது. ஒருமுறை கன்ட்ரோல் டவரில் இருந்தே, “உங்கள் உயரம் என்ன?” என்று கேட்டுவிட்டார்கள். பயிற்சி மாணவன் பக்கத்தில் இருக்கும்போது அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? இறங்கி வந்ததும் புகார் எழுதினார். எங்கள் மொழியில் அதற்கு ‘ஸ்னாக்’.

நான் சோதித்தேன். நன்றாக வேலை செய்தது. ‘தரைச் சோதனை செய்யப்பட்டது, சேட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதினேன். அடுத்த வாரம் அதே ஸ்னாக். மறுபடி சோதித்தேன், மறுபடி சேட்டிஸ்ஃபாக்டரி. மூன்றாவது தடவை வந்தபோதுதான் அவர் மேலே சொன்னதைச் சொன்னார்.

இப்ராஹிம் சார் விட்டுக்கொடுக்கவில்லை. “மத்த பைலட்டுங்க யாரும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலையே கேப்டன்?”

“மத்தவா யாரு ஆட்டோபைலட் போடறா? எல்லாம் கையாலன்னா ஓட்டறா.”

அதுவும் உண்மைதான். சின்னச் சின்னப் பயிற்சிகளுக்கு யாரும் ஆட்டோபைலட்டைத் தொடுவதில்லை. தூரப் பயணங்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போகிறவர் கேப்டன் ஒருவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கையெழுத்து அதிகாரம் தரச்சொல்லி சார் பரிந்துரைத்திருந்தார். அது வந்துவிட்டால் என் வேலைக்கு நானே கையெழுத்துப் போடலாம், வேறொருவர் வந்து மேலே போட வேண்டியதில்லை. இந்த ஸ்னாக் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நிர்வாகம் நிறுத்திவைத்தது. இன்னொரு தடவை வந்தால் ஆட்டோபைலட் பெட்டியையே கழற்றி வெளிமாநிலத்துக்கு ரிப்பேருக்கு அனுப்புவதாகவும் முடிவு. அது திரும்பும்வரை விமானம் ஹேங்கரில் நிற்கும், மாணவர்களின் தூரப் பயணங்களும் நிற்கும், என் காகிதமும் நிற்கும்.

2. தரையிலேயே ஏற்றுவது

தரைச் சோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். விமானத்தின் பக்கவாட்டில் பொட்டு மாதிரி ஒரு துளை இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் மீட்டர்களுக்குப் போகிறது. அதில் ஒரு குழாயை மாட்டி, சோதனைப் பெட்டியால் மெதுவாகக் காற்றை உறிஞ்சுவோம். உயரே போகப் போக அழுத்தம் குறையும் அல்லவா? மீட்டர்கள் ஏமாந்து, விமானம் ஏறுவதாகவே நினைத்துக்கொள்ளும். வேகமாக உறிஞ்சினால் மீட்டர் கெட்டுவிடும். பொறுமை வேண்டும்.

அன்று சோதனையைத் தொடங்கும்போது இப்ராஹிம் சார் பக்கத்தில் வந்து நின்றார்.

“காத்தழுத்த செட்டிங்?”

“கேப்டன் வச்சதையேதான் சார் வச்சிருக்கேன். சரியாத்தான் இருக்கு.”

“வயரு?”

“ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்துட்டேன்.”

குமிழைத் திருப்பினேன். திரையில் நாலாயிரம். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘ஆர்ம்’ என்று வந்தது. பிடிப்பதற்குத் தயார் என்று அர்த்தம். மீட்டர் ஏறியது, பீப் அடித்தது, நாலாயிரத்தில் ஜம்மென்று நின்றது.

“நிக்குதேம்மா,” என்றார் சார். குரலில் சந்தோஷமே இல்லை.

“சார், எனக்கு இங்க நிக்குது. அவருக்கு அங்க நிக்கல. நான் அங்க போய்ப் பார்க்கணும்.”

“எங்க?”

“மேல.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “உங்க அம்மாகிட்ட கேட்டியா?”

“நீங்க கேப்டன்கிட்ட கேளுங்க சார். அம்மாகிட்ட இறங்கி வந்து சொல்லிக்கிறேன்.”

3. பின்சீட்டு

கேப்டன் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். “பேஷா வரட்டும். அதோட சேட்டிஸ்ஃபாக்டரிய அதுவே பாக்கட்டும்” என்றுவிட்டார்.

முன்னால் அவர் பக்கத்து சீட்டில் ஏறப்போனேன். “அங்க வேண்டாம்மா. பயத்துல எதையாவது புடிச்சு இழுப்பே. பின்னாடி உக்காரு.” ஒரு பிளாஸ்டிக் கவரையும் நீட்டினார். “வாந்தி வந்தா இதுல. சீட்டுல எடுத்தா நீதான் தொடைக்கணும்.”

அவர் கேலியாகச் சொன்ன அந்தப் பின்சீட்டுதான் எனக்கு உதவியது. முன்னால் உட்கார்ந்திருந்தால் வழியைப் பார்த்திருப்பேன். பின்னால் இருந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால், மீட்டர் பலகையும் அவர் வலது கையும் மட்டும்தான் தெரிந்தன.

கிளம்பினோம். ஆற்றை ஒட்டி மேற்கே திரும்பியதும் ஆட்டோபைலட்டைப் போட்டார். குமிழைத் திருப்பி நாலாயிரம் வைத்தார். கை திரும்ப மடிக்கு வந்தது. ஏறினோம். பீப் அடித்தது. நாலாயிரம் வந்தது. போனது.

“பாத்தியா?” ஹெட்செட்டில் அவர் குரல். “உன் சேட்டிஸ்ஃபாக்டரி ஏறிண்டே இருக்கு.”

எல்லாம் அவ்வளவுதான், பெட்டியைக் கழற்றப்போகிறார்கள் என்று தோன்றியது. அவர் ஆட்டோபைலட்டை விடுவித்து, கையால் மூவாயிரத்துக்கு இறக்கினார்.

“சார், இன்னொரு தடவ பண்ணுங்க. நான் திரைய மட்டும் பாக்கறேன்.”

இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். வெயில் நேராக விழுந்ததால் கைக்குட்டையை நிழலுக்குப் பிடித்துக்கொண்டேன். குமிழ் திரும்பியது. நாலாயிரம். ‘ஆர்ம்’ வந்தது. அவருடைய ஆள்காட்டி விரல் குமிழை விட்டுக் கிளம்பி, ஒரு பட்டனை லேசாகத் தட்டிவிட்டு மடிக்குப் போனது. ‘ஆர்ம்’ அணைந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகுமே, அதுபோலத்தான் போனது. தட்டியது அவருக்கே தெரிந்திருக்காது.

விமானம் மறுபடி நாலாயிரத்தைத் தாண்டியது. நான் வாயைத் திறக்கத் தயங்கினேன். முதல்முறை பறக்கிறவள், பின்சீட்டில் இருந்துகொண்டு, இத்தனை வருஷம் ஓட்டியவரிடம் எப்படிச் சொல்வது?

“சார். அடுத்த தடவ உயரம் வச்சதும் கைய எடுத்துடுங்க. பட்டன அமுக்காதீங்க.”

“அமுக்காம எப்படிம்மா ஆர்ம் ஆகும்?”

“குமிழத் திருப்பினாலே தானா ஆயிடுது சார். அமுக்கினா போயிடுது.”

அவர் குனிந்து அந்தப் பட்டனைப் பார்த்தார்.

“யாரு அமுக்கினா?”

“நீங்கதான் சார். ரெண்டாவது தடவ அமுக்கினத நான் பார்த்தேன்.”

அவர் மூவாயிரத்துக்கு இறக்கினார். குமிழைத் திருப்பினார். விரல் கிளம்பியது. பாதி வழியில், காற்றில், நின்றது. அப்படியே ஒரு கணம் தொங்கிவிட்டு, ஏதோ சுட்டதுபோலத் திரும்பி வந்தது. இந்த முறை அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூவாயிரத்து எண்ணூறு. தொள்ளாயிரம். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. நாலாயிரம். நின்றது.

“பெருமாளே,” என்றார் கேப்டன்.

பிறகு வேண்டுமென்றே பட்டனை அமுக்கி ஒரு தடவை, அமுக்காமல் ஒரு தடவை செய்து பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. கடகடவென்று சிரித்தார். முன்பு அவர் நெடுங்காலம் ஓட்டிய ரெட்டை இன்ஜின் விமானத்தில் உயரத்தை வைத்துவிட்டு பட்டனையும் அமுக்கினால்தான் ஆர்ம் ஆகுமாம். “அமுக்கலேன்னா அது புடிக்காது. இதுல அமுக்கினா புடிக்காது. என் விரலுக்கு வேலை மாத்தினது தெரியல பாரு!”

எனக்கு இன்னொன்றும் விளங்கியது. சில நாள் சரியாக நின்றதே, அதெல்லாம் பாதி வழியில் டவர் வேறு உயரம் சொன்ன நாள்கள். அவசரத்தில் குமிழைத் திருப்பிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். விரலுக்கு நேரம் கிடைக்கவில்லை.

“சரி, இப்பவாவது ஜன்னலைப் பாரு. வந்ததுலேர்ந்து என் கையவே பாத்துண்டிருக்கே.”

பார்த்தேன். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து போக, நடுவில் ஸ்ரீரங்கம் பச்சையாக மிதந்தது. கோபுரங்கள் விரல் நகம் அளவுக்கு இருந்தன. அம்மா அந்த நேரத்தில் அங்கே ஏதோ ஓர் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பார். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4. எழுதியது

இறங்கியதும் எனக்கு வேறு கவலை. ஸ்னாக்குக்குப் பதில் எழுத வேண்டும். எப்படி எழுதினாலும் கேப்டன்மேல் பழி போடுவதுபோல இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்ததைப் பார்த்துவிட்டு அவரே வந்தார்.

“என்னம்மா முழிக்கறே? உள்ளத எழுது.”

‘கருவி சரியாக இயங்குகிறது. பட்டனை ஒருமுறை அமுக்கினால் ஆர்ம் நீங்கும், மறுமுறை அமுக்கினால் வரும். பைலட்டுக்கு விளக்கப்பட்டது’ என்று எழுதினேன். ‘பைலட்டுகளுக்கு’ என்று அவர்தான் திருத்தச் சொன்னார். மறுநாள் காலை எல்லாப் பைலட்டுகளும் கூடியபோது, “மூணு ஸ்னாக்குக்கும் காரணம் கண்டுபிடிச்சாச்சு, இதான்” என்று தன் விரலைத் தூக்கிக் காட்டினாராம். சிரிப்பு ஹேங்கர்வரை கேட்டது.

நான் இரண்டு தடவை சேட்டிஸ்ஃபாக்டரி என்று எழுதியதும் தவறில்லை. ஆனால் நான் சோதித்தது புத்தகத்தில் உள்ள வரிசைப்படி. அந்த வரிசையில் அந்தப் பட்டனே வராது. “நீங்க எப்படிப் பண்றீங்க, காட்டுங்க சார்” என்று கேட்டிருந்தால் முதல் நாளே தரையிலேயே தெரிந்திருக்கும். இதுதான் நான் கற்றுக்கொண்டது. இப்போதெல்லாம் ஆட்டோபைலட் ஸ்னாக் வந்தால், எழுதியவரையே சீட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் குழாயை மாட்டுகிறேன்.

பறந்து இறங்கிய அன்று மதியமே அம்மாவுக்கு போன் செய்தேன். “மேல இருந்து என்னடி பார்த்த?” என்றார். “ஒரு விரலப் பார்த்தேம்மா” என்றேன். “இதுக்கா அவ்வளவு ஒசரம் போன?” என்றார். அப்பா போனை வாங்கி, “நம்ம தோப்பு தெரிஞ்சிச்சா?” என்று மட்டும் கேட்டார். தெரிந்தது என்று சொன்னேன்.

கையெழுத்து அதிகாரம் அந்த மாதக் கடைசியில் வந்தது. பாலக்கரைக் கடையிலிருந்து இப்ராஹிம் சார் எல்லோருக்கும் சமோசா வாங்கிவந்தார்.

இப்போது எங்கள் பள்ளிக்குப் புது விமானம் ஒன்று வருகிறது. மீட்டர்களே கிடையாது, எல்லாம் கண்ணாடித் திரை. அதில் உயரம் வைக்கும் குமிழ் வேறு இடத்தில், ஏறும் முறைக்கு வேறு பட்டன். அதன் புத்தகத்தில் ஆட்டோபைலட் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். பழையதில் கை எங்கே போகும், புதியதில் எங்கே போக வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி, எங்கள் பைலட்டுகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து விரலைப் பார்த்தும் முடித்தாயிற்று. கேப்டன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “நான் ரெடி” என்றார். அந்த விமானத்தைப் பெங்களூரிலிருந்து எடுத்துவரப் போகிறவர் அவர்தான். கூடப் போகிறவர் பெயர் கேட்டு வந்த தாளில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். சீட்டு என்ற இடத்தில் ‘பின்னால்’ என்று போட்டிருக்கிறேன்.