பந்தில் ஒட்டிய சுண்ணாம்பு

பள்ளி மைதானத்தில் வாலிபால் போட்டிக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் பேருந்துக்குக் காத்து நின்ற எனக்கு அந்த வாடை முகத்தில் வந்து அடித்தது. பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் பழைய கலவரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாற்காலியெல்லாம் பறந்துதுல்லா. எல்லாம் அந்த லைன் அம்பயரு அவுட்டுன்னு கொடியத் தூக்குனதுனால."

அந்த அம்பயர் என் அப்பா. இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தை அடித்தது எங்கள் ஊர்ப் பையன்; அது அவுட் என்றால் எங்கள் ஊருக்குத் தோல்வி.

பந்து உருண்டு, அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தது. எனக்கு எட்டு வயது. பந்தைப் பாவாடையில் துடைத்துக் கொடுப்பது என் வழக்கம். அன்றும் துடைத்தேன். பாவாடையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியது. கோட்டைத் தொட்ட பந்து அவுட் இல்லை என்று எனக்கும் தெரியும்.

அதற்குள் மூங்கில் கேலரி சரிந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் ஓடினார். வாய்க்கால் கரையில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கக் கேட்டார்.

"மக்ளே, பந்துல சுண்ணாம்பு இருந்துதா?"

அவர் நெற்றியில் இரத்தம் வழிந்தது. பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு "இல்லப்பா" என்றேன்.

அதன்பிறகு அவரை யாரும் ஆட்டத்துக்கு அழைக்கவில்லை. சொந்த ஊரிலேயே பேச்சுத்துணை இல்லாமல் இருந்து செத்துப்போனார்.

"அந்தப் பந்து நெசமாவே அவுட்டான்னு, சாவுறதுக்கு முன்ன ஒருக்கா நான் அவருட்ட கேட்டேன்," என்றார் வேலியோரம் நின்ற இன்னொரு பெரியவர். "எம் மக பந்தக் கையில எடுத்துப் பாத்தவ, அவ பொய் சொல்லமாட்டான்னாரு."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.