ஷூ கட்டாயம்

அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஷூ வாங்கினார். அதுவும் சாப்பிடப் போவதற்காக.

எங்கள் ஊர் புவனகிரிக்குப் பக்கத்தில். நெல்லும் கரும்பும் வைக்கிற நிலம் எங்களுக்கு இருந்தது. அம்மாவின் அண்ணன் கடலூரில் பேங்க் அதிகாரி. முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே நான் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். லீவு என்பது எனக்குக் கடற்கரையும், மாமாவின் காரும், அத்தை கேட்காமலே வாங்கித் தருகிற ஐஸ்கிரீமும்தான். அந்த வழக்கம் ஒரு வருடம் திடீரென்று நின்றுபோனது. காரணம் ஒரு பேண்ட்.

மாமா மஞ்சக்குப்பத்தில் புது வீடு கட்டிக் குடிபுகுந்த நாளில் அப்பா டிராக்டரில் சீர்வரிசை ஏற்றிக்கொண்டு போனார். வாழைத்தார், கரும்புக் கட்டு, பித்தளை அண்டா. மடித்துக் கட்டிய வேட்டி. சட்டையில் வழி முழுக்கப் படிந்த புழுதி. மாமாவின் மேலதிகாரிகள் வருகிற நேரம் அது. மாமா அப்பாவை மாடிப்படிக்குக் கீழே அழைத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"மச்சான், எங்க ஆபீசருங்க வராங்க. எம் பேண்ட் ஒண்ணு இருக்குது, மாத்திக்கிறீங்களா?"

அப்பா அண்டாவை இறக்கி உள்ளே வைத்தார். டிராக்டரைத் திருப்பினார். இலையில் உட்காரவில்லை. எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் கை நனைக்காமல் திரும்புவது, நடுக்கூடத்தில் நின்று சண்டை போடுவதைவிடப் பெரிய காரியம். "இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை.

அதன் பிறகு அம்மா, அப்பா கொல்லை வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் அண்ணனுக்குப் போன் பேசினாள். பெண் குழந்தை இருக்கிற வீட்டில் தாய்மாமன் வந்து நிற்காமல் ஒரு விசேஷமும் நடக்காது. நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் யார் வந்து நிற்பது என்பது அவளுடைய கவலை. எனக்கு என் லீவு போன கவலை.

அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். "வீட்டு வாசப்படியத்தானே மிதிக்க மாட்டேன்னாரு? ஓட்டல் வாசப்படிக்கு என்னா?" என்று போனில் கேட்டாள். கடலூரைத் தாண்டிக் கடற்கரையோரம் பெரிய ஓட்டல் ஒன்று இருந்தது. சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் லீவுக்கு வருகிறவர்கள் தங்கிச் சாப்பிடுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மாமா அங்கே மேஜை சொல்லிவைத்துவிட்டார். எல்லாம் பேசி முடித்த பிறகு அத்தையின் குரல் இறங்கியது. அங்கே ஒரு விதி இருக்கிறதாம். பெண்கள் எது வேண்டுமானாலும் கட்டலாம். ஆண்கள் முழு பேண்ட் போட்டிருக்க வேண்டும். ஷூ கட்டாயம்.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பேண்டில் உறவு அறுந்ததோ, அதே பேண்டை மாட்டிக்கொண்டு வந்து உறவை ஒட்டவை என்று அவள் தன் புருஷனிடம் சொல்லியாக வேண்டும்.

அன்று இரவு இரண்டாவது முறை சோறு போடும்போது சொன்னாள். அப்பா மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். துண்டில் துடைத்தார்.

"நாளைக்கு சிதம்பரம் போறேன். பாப்பாவும் வரட்டும்" என்றார்.

மேலவீதியில் ஒரு கடை. பேண்ட் சீக்கிரம் கிடைத்துவிட்டது. ஷூதான் கிடைக்கவில்லை. அப்பாவின் பாதம் அகலமானது. விரல்கள் ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை இல்லாத மாதிரி விலகி நிற்கும். கடைக்காரர் மூன்று பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நீளத்துக்கு இருக்குது அண்ணே. அகலத்துக்குத்தான் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பணும்" என்றார்.

"சேத்துல நிக்கிறதுக்கு வளந்த காலு. அது என்னா செய்யும்?" என்றார் அப்பா. நீளம் கூடுதலான கறுப்பு ஷூ ஒன்றை வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்துக்கொள்வது என்று முடிவானது.

சிதம்பரம் வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் திரும்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. புது ஷூப் பெட்டியைச் செருப்பு விடுகிற இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்கினோம். உள்ளே போனதும் அப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டார். அங்கே சபையில் ஏறி நடராசரைப் பார்க்கிற ஆண்கள் மேல்சட்டையோடு போகக் கூடாது. அப்பா ஏறினாலும் ஏறாவிட்டாலும், நடராசர் கண்ணில் பட்டதும் அவர் கை பொத்தானுக்குப் போய்விடும். அது அவர் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

வீட்டில் அந்த வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. லேஸ் முடிபோட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்து ஷூவில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது. அப்பா ஒரு நல்ல மாணவர். தப்பாக வந்தால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். களத்தில் அவர் நடந்து பழகுவதைப் பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டான்.

"என்னா மாமா, போலீசுல சேந்துட்டியா?"

"இல்லடா. சாப்புடப் போறேன்" என்றார் அப்பா, நடையை நிறுத்தாமல்.

அம்மாவின் பிரச்சினை வேறு. பட்டு வேண்டாம், அங்கே யாரும் கட்ட மாட்டார்கள் என்று அத்தை சொல்லியிருந்தாள். அம்மா இருந்த புடவையை எல்லாம் கட்டிலில் பரப்பினாள். பட்டு அத்தனையும் கல்யாணத்துக்கு. மற்றது அத்தனையும் வேலைக்கு. ஓட்டலுக்குக் கட்டுகிற புடவை என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததில்லை. கடைசியில் தீபாவளிக்கு எடுத்த பச்சை நூல்புடவையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள். எனக்குப் பிறந்தநாள் கவுன். கழுத்தில் வலை வைத்து அரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் நிலையத்தில் மாமாவும் அத்தையும் காரோடு நின்றிருந்தார்கள். மாமா அப்பாவைப் பார்த்தார். நீலச் சட்டை, மடிப்புக் கலையாத சாம்பல் நிறப் பேண்ட், கறுப்பு ஷூ. பார்த்த கண்ணை உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "வாங்க" என்றார். "ம்" என்றார் அப்பா. காரில் மழை வருமா வராதா என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். மச்சான் என்ற வார்த்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா இடது குதிகாலை ஷூவுக்குள் தூக்கித் தூக்கி வைப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அங்கே கொப்புளம் வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டல் வாசலில் கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்தார். மாமாவைப் பார்த்ததும் சிரித்து, "வாங்க சார். அதே கார்னர் டேபிள்தானே?" என்றார்.

கதவுக்குள் முதல் அடி வைத்ததும் எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கல நடராசர். முன்னால் அகலமான உருளியில் தண்ணீர், தண்ணீரில் செவ்வந்திப் பூ, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. அழகுக்காக வைத்ததுதான். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அப்பா நின்றார். அப்படியே வெளியே திரும்பிப் போய்க் குனிந்து, நான் சொல்லிக்கொடுத்த முடிச்சை அவிழ்த்தார். ஷூவைக் கதவு ஓரமாக ஜோடியாக வைத்தார். சாக்ஸைச் சுருட்டி உள்ளே செருகினார். வெறுங்காலோடு உள்ளே வந்து விளக்குக்கு முன்னால் நின்றார். கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. முதல் பொத்தான் கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

"என்னங்க" என்றாள் அம்மா.

அப்பாவின் கை நின்றது. அப்போதுதான் அவருக்கு இடம் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டுக்காரர் மரியாதை குறையாத குரலில், "சார், உள்ள ஷூ போட்டுக்கணும் சார்" என்றார். அப்பாவின் காது மடல் சிவந்தது. புது வீட்டு மாடிப்படிக்குக் கீழேயிருந்து வெளியே வந்தபோதும் அது அப்படித்தான் சிவந்திருந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மாமா வெளியே போனார். அவருக்குத் தொப்பை உண்டு. குனிவது சுலபமில்லை. ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷூவைக் கழற்றினார். பிறகு மற்றதையும் சாக்ஸையும். அவற்றை அப்பாவின் ஷூவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். பளபளக்கிற பழுப்பு ஜோடி, பஞ்சு அடைத்த கறுப்பு ஜோடி. உள்ளே வந்து நடராசருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"சாமி முன்னாடி கழட்டியாச்சி தம்பி. இனிமே எப்படிப் போடறது? இப்படியே உக்காந்துக்கறோம்" என்றார்.

கோட்டுக்காரர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு எங்களை மூலை மேஜைக்கு அழைத்துப் போனார். விரிப்பு தரைவரை தொங்கியது. எல்லாருடைய கால்களும் அதற்குள் மறைந்தன. நான் ஸ்பூனைத் தவறவிட்ட சாக்கில் கீழே குனிந்து பார்த்தேன். அப்பாவின் பாதம் நிதானமாகப் பதிந்திருந்தது. மாமாவின் பாதம் சாக்ஸ் வரி பதிந்து, வெயில் படாத வெளுப்பில், ஏசிக் குளிருக்கு விரல்களை மடக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மேஜையில், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மீனும் நண்டும் வந்தன. அத்தை முள்கரண்டியை எடுத்தாள். மாமா எடுக்கவில்லை. அம்மா தன் தட்டைத் தொடாமல் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்று விழுங்கினார்.

"நண்டு நல்லாருக்குது, மச்சான்" என்றார்.

அம்மா குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

வெளியே வரும்போது கொப்புளம் உடைந்து அப்பாவால் ஷூவை மாட்ட முடியவில்லை. கையில் எடுத்துக்கொண்டார். மாமாவும் தன்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டார். கார் தூரத்தில் நின்றது. நடுவே சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் தளம். அப்பா தன் வயல் வரப்பில் போவதுபோல நடந்தார். மாமா இரண்டடி வைத்ததும் குதிக்க ஆரம்பித்தார்.

"மச்சான், எப்படித்தான் நடக்கிறீங்க?"

"ஓடாதீங்க. ஓடுனா ஜாஸ்தி சுடும். அழுத்தி வெச்சி நடங்க" என்றார் அப்பா. சொல்லும்போதே சிரித்துவிட்டார். மாமா ஒரு கையில் ஷூவும் மறு கையில் அப்பாவின் தோளுமாகக் கார்வரை வந்து சேர்ந்தார்.

அப்பாவையும் அம்மாவையும் நேராகப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு என்னை மட்டும் வீட்டுக்கு அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் காலைத் தண்ணீரில் வைக்காமல் இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று சொல்லி மாமா காரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். அத்தை ஒரு வாளியும் சொம்பும் கொண்டுவந்தாள். மாமா காலில் ஊற்றினாள். பிறகு சொம்பை நிரப்பிக்கொண்டு கார்ப் பக்கம் பார்த்து நின்றாள். அப்பா கதவைத் திறந்து இறங்கினார். காலை நனைத்துக்கொண்டார். ஷூவை வெளியே விட்டுவிட்டு, ஈரக் காலோடு அந்த வாசற்படியை மிதித்து உள்ளே போனார்.

"அம்மா, மாமாவுக்கும் ஷூ ரூல் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாது போலருக்கு" என்றாள் அம்மா. "நீதான் சொல்லிக்குடேன்."

நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த லீவு முழுக்க மாமா பேங்குக்குக் கிளம்பி ஷூ மாட்டுகிற ஒவ்வொரு காலையிலும் எதிரே போய் நின்றுகொள்வேன். கோயிலில்தான் கழற்ற வேண்டும், ஓட்டலில் நடராசரே இருந்தாலும் கழற்றக் கூடாது என்று விளக்குவேன். மாமா லேஸ் கட்டுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்பார்.

"சரி பாப்பா. இனிமே ஞாபகம் வெச்சிக்கறேன்" என்பார்.

இவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருக்கும்.