ஒரே துணியில் இரண்டு சட்டை

கண்ணுகளா, இரட்டையர் இடம் மாறும் அந்தக் கொரியன் சீரியலின் கடைசிப் பகுதி முடிந்த அன்று நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அப்பா, நீங்களும் பெரியப்பாவும் எப்பவாவது ஸ்வாப் பண்ணியிருக்கீங்களா?" என்றாள் பெரியவள். "ஹவ் டு வி நோ? இவரே பெரியப்பாவா இருக்கலாம்," என்று சின்னவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். நான் சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கோடு படிப்பு நின்றவன் நான், எழுதிப் பழக்கமில்லை. பெரியவள் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் அல்லவா, அவள் தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும். புரியாத இடத்தை அம்மாவிடம் கேளுங்கள்.

மாற்றிக்கொண்டோமா என்றால், ஒருவகையில் ஆமாம். உங்கள் அம்மாவின் ஜாதகம் முதலில் வந்தது பெரியப்பாவுக்குத்தான். பெண் சாஃப்ட்வேரில் இருக்கிறாள், அமெரிக்கா போகப்போகிறாள், மாப்பிள்ளையும் கூடவே போக வேண்டும் என்றார்கள். பெரியப்பா அப்போதுதான் கோயமுத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை போட்டிருந்தான். "பட்டறைய உட்டுட்டு நான் எங்கீங் போறது? தம்பிக்குப் பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஜாதகந்தானுங்களே," என்று தரகரிடம் சொல்லிவிட்டான். சில நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள் நாங்கள். ராசி, நட்சத்திரம், லக்னம் எல்லாம் ஒன்று. ஜோசியரும் புதிதாகக் கட்டம் போடாமலே பொருத்தம் சொல்லிவிட்டார். "பொருத்தம் பாத்தது அவருக்கு, மாட்டினது நீங்க," என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அப்படித்தான் அமெரிக்காவில் இந்த எடிசன் ஊருக்கு வந்தேன். வேலை செய்ய பெர்மிட் வரும்வரை சில வருடங்கள் உங்களை வளர்த்தேன். பெர்மிட் வந்ததும் பக்கத்து ஊர் ஐசலினில் இந்த மளிகைக் கடை. அவன் அங்கே, நான் இங்கே. எங்கள் இருவருக்கும் நடுவில் விடாமல் இருந்தது ஒரே ஒரு பழக்கம். சின்ன வயதிலிருந்து எங்களுக்கு ஒரே துணியில்தான் சட்டை. நான் இங்கே வந்த பிறகும் தீபாவளிக்கு முன்னால் பெரியப்பா ஒரு துணி எடுத்து, டெய்லரிடம் தன் அளவை மட்டும் கொடுத்து இரண்டு சட்டை தைப்பான். ஊரிலிருந்து யாராவது வரும்போது அவர்கள் பெட்டியில் என் சட்டை வரும். அவன் அளவு எனக்குக் கச்சிதமாக இருக்கும்.

ஒரு வருடம் வந்த சட்டை தோளில் பிடித்தது. பட்டன் போட முடியவில்லை. "கடையில முறுக்கு சாப்பிடுறத ஸ்டாப் பண்ணுங்க," என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். தீபாவளி அன்று வீடியோ காலில் பார்த்தேன். அதே சட்டை அவனுக்குச் சரியாக இருந்தது. நான் பெருத்துவிடவில்லை, அவன்தான் இளைத்திருந்தான்.

கேட்டேன். சுகர் என்றான். சுகர் வந்து கிட்னி போய்விட்டது, வாரத்தில் சில நாள் டயாலிசிஸுக்குப் போகிறேன் என்று, மெஷினுக்கு எண்ணெய் விடப் போவது மாதிரிச் சொன்னான். பெரியம்மா தன் கிட்னியைத் தர முன்வந்து, பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாம் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சீரியலைப் பார்க்க ஆரம்பித்தோம். கீழே ஓடும் ஆங்கிலத்தை என்னால் துரத்திப் படிக்க முடியாது, பெரியவள் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். இரட்டைப் பெண்கள். ஒருத்தி துறைமுகத்தில் மீன் விற்கிறாள், இன்னொருத்தி பணக்கார வீட்டு மருமகள். இருவரும் இடம் மாறுகிறார்கள், மாமியாருக்குக்கூடத் தெரியவில்லை. "மீன் வாசம் வராதா?" என்று நான் கேட்டதற்கு இருவரும் சேர்ந்து என் வாயைப் பொத்தினீர்கள். பாதிக் கதையில் மருமகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. மீன்காரி ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு கண்ணு?"

"ஐடென்டிக்கல் ட்வின்ஸ்னா பாடி ரிஜெக்ட் பண்ணாதாம்பா. பர்ஃபெக்ட் மேட்ச்!"

அதற்குப் பிறகு அந்தக் கதையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அவனுக்கு வேண்டியது என் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் அவன் அளவிலேயே!

மறுநாள் கடை பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து போன் செய்தேன். ஊரில் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடச் சொல்லி வளர்த்தார்கள். சில நிமிடத்துக்காக எதற்கு மரியாதை என்று நான் இரண்டையும் சேர்த்தே கூப்பிடுவேன்.

"டேய் அண்ணா, நான் தர்றேன்டா."

"எதைடா?"

"கிட்னியத்தான். நாம ரெண்டும் ஒரே அச்சு. உன்ற ஒடம்பு அத ஒதுக்கவே ஒதுக்காதாம்."

பின்னால் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. "யாரு சொன்னா?"

"கொரியாக்காரன்."

சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "சீரியல் பாத்துப்போட்டு வயித்த அறுக்கறேங்கறான் பாரு! புள்ளைங்க இருக்குதுடா. சும்மா கெட. இங்க வந்தீன்னா திரும்பிப் போறதுக்கு விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவ. அங்கயே இரு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு எங்கியும் போயிராத, என்ன?"

அவன் அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். பெண்ணை விட்டுக்கொடுத்தவன், கிட்னியையா வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். அம்மாவும் அதையே சொன்னாள். "அவர் வேணாம்னுதான் சொல்வார். நீங்க டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட அனுப்புங்க. அப்புறம் எப்படி மறுப்பார்?"

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது. அந்தக் கருவியை என் இடுப்பில் வைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்தாள். டாக்டர் வந்து திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு சிறுநீரகத்திலும் திராட்சைக் குலை மாதிரி நீர்க்கட்டிகள். உங்கள் அண்ணனுக்கு என்ன வியாதி என்று கேட்டார். சுகர் என்றேன். உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்றார். சின்ன வயதிலேயே, பிரஷர் என்று சொன்னார்கள் என்றேன். அவர் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். இது வம்சத்தில் வருவது. அச்சாகப் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும். நீங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது. உங்களுக்கே ஒருநாள் தேவைப்படலாம். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், குணமாக்க முடியாது.

அவனுக்குத் தேவையானது என்னிடம் இருந்தது என்று நினைத்தேன். அவனிடம் இருந்ததுதான் என்னிடமும் இருந்தது.

திரும்பவும் அதே பார்க்கிங். "சுகர்னு ஏன்டா சொன்ன?" என்று கேட்டேன்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "போகாதன்னு சொன்னனேடா," என்றான். பிறகு, "மொத நாளே டாக்டரு கேட்டாரு, கூடப் பொறந்தவங்க இருக்கறாங்களான்னு. ரெட்டைங்கன்னேன். கையிலிருந்த பேனாவக் கீழ வெச்சுட்டாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு. உன்கிட்டச் சொல்லி என்னடா ஆகப்போகுது? எனக்கு வந்தாப்பல உனக்கும் ஒருநாள் வரும். அதுவரைக்குமாவது தெரியாம இருந்துட்டுப் போன்னு உட்டுட்டேன்."

கடையிலிருந்து தள்ளுவண்டிகளை யாரோ வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

உங்களிடம் நான் சொல்ல வேண்டியது இதுதான். இது உங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரியவர்களான பிறகு டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அதுவரை சொல்லவே வேண்டாம் என்கிறாள் அம்மா. "அவங்க நிம்மதியா காலேஜ் போகட்டும்," என்று அழுதாள். பெரியப்பா எனக்குச் செய்ததும் அதுதானே என்று தோன்றியது. அவன் மறைத்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன், அது பொய்யில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன், எப்போது கொடுப்பது என்று அம்மாவே முடிவு செய்யட்டும்.

பெரியப்பாவுக்கு இப்போது இதயமும் தளர்ந்துவிட்டது. வேறு யாருடைய கிட்னியாவது கிடைத்தாலும் ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்க்கலாம் என்றால் நம் கிரீன் கார்டு இன்னும் வரிசையில் நிற்கிறது. அம்மாவின் ஆபீசில் தினமும் யாரையாவது வேலையிலிருந்து அனுப்புகிறார்கள், நம் விசாவோ அந்த வேலையை நம்பித்தான். வெளியே போனால் எப்போது திரும்ப விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவனும் வராதே என்கிறான்.

இந்த தீபாவளிக்கும் சட்டை வந்தது. வெளிர்நீலக் கட்டம். இந்த முறை எனக்கு மட்டும், இளைப்பதற்கு முந்தைய தன் பழைய அளவைத் தேடி டெய்லரிடம் கொடுத்திருக்கிறான், எனக்குச் சரியாக இருந்தது. வீடியோவில் அவன் தன்னுடையதைக் காட்டினான். டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றும் நரம்பு அவன் இடது கையில் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் சட்டையைக் கழற்ற முடியாது என்று பெரியம்மா சட்டையின் இடது கையை நீளமாகப் பிரித்து பிரஸ் பட்டன் வைத்துத் தைத்திருந்தாள். "டப் டப்"பென்று திறந்து காட்டினான். "பாத்தியாடா, இப்பத்தான் நம்ம ரெண்டு பேத்துக்கும் ஒரு வித்தியாசம் வந்திருக்குது. இனி யாரும் ஆள மாத்த முடியாது." நீங்கள் இருவரும் என் தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தீர்கள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா உங்களைத் தமிழ்ப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓக் ட்ரீ ரோட்டில் பிளவுஸ் தைக்கும் கடையில் ஒரு அட்டை பிரஸ் பட்டன் வாங்கி வைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் என் சட்டையை விரித்து, இடது கையின் தையலைப் பிளேடால் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை பிரித்தேன். எனக்குத் தையல் வராது, நூல் இரண்டு முறை முடிச்சு விழுந்தது. பட்டன்களைக் கோணலாகத்தான் வைத்தேன். போட்டுக்கொண்டு ஒருமுறை திறந்தேன், மூடினேன். பிறகு கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு உங்களைக் கூட்டிவரக் கிளம்பினேன்.