பாலிங் பந்தியில் ஓர் அமெரிக்கரும் ஒரு ஜெர்மானியரும்

மலேசியாவில் கூலிமிலிருந்து பாலிங் போக வழி கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். நான் முதன்முதலில் போனது 2004 தொடக்கத்தில். ஊர் பார்க்க அல்ல, என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள.

அப்போது கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் நான் ஒப்பந்தத் தொழிலாளி. தொழிற்சாலை அமெரிக்கர்களுடையது, இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. புது உற்பத்தி லைன் ஓடினால்தான் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலை நிரந்தரம். அதை ஓட்டிக்காட்ட வேண்டிய இரண்டு இன்ஜினியர்களோ பேசிக்கொள்வதே இல்லை. அமெரிக்கர் டேவிட்டின் மகன் ஈராக்கில் சிப்பாய். ஜெர்மானியர் ஹான்ஸ், இந்தப் போரே அநியாயம் என்று கேண்டீனில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். டேவிட் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் போரால் முறைத்துக்கொண்ட இரண்டு நாட்டு அரசாங்கங்களும்கூட மெல்லச் சமாதானமாகிக்கொண்டிருந்தன. இவர்கள் பக்கத்து மேசைக்கு ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் சூப்பர்வைசர் செல்வம் அண்ணே பாலிங்கில் வீடு கட்டி, வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழாவுக்கு எல்லோரையும் அழைத்திருந்தார். வேண்டுமென்றே இருவருக்கும் ஒரே வேன் பிடித்தேன். போக வர 180 ரிங்கிட். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம்.

“என்ன தங்கச்சி, ஒருத்தர் முன்னால, ஒருத்தர் கடைசி சீட்டுல. நடுவுல நீ போலீஸ் வேலை பாக்குறியா லா?” என்றார் டிரைவர் தேவா அண்ணே.

எழுபது கிலோமீட்டருக்குள்தான். குவாலா கெட்டிலில் ஒரு தேத்தாரே டீ குடிக்க நிறுத்தியும் பதினொன்றுக்குச் சேர்ந்துவிட்டோம். வழி முழுக்க ரப்பர், செம்பனைத் தோட்டங்கள், டேவிட்டின் பெருமூச்சு.

பந்தியில் செல்வம் அண்ணேயின் மனைவி கல்யாணி அக்கா இருவரையும் அடுத்தடுத்த இலையில் உட்கார வைத்துவிட்டார். சாம்பார், ரசம், மோர் வரை இருவரும் முதுகைக் காட்டாத குறையாகச் சாப்பிட்டார்கள். ஹான்ஸ் முதலில் முடித்து, இலையைத் தனக்கு எதிர்ப்பக்கமாக மடித்தார்.

“ஐயையோ! அப்படி மடிக்காதீங்க சார், அது சாவு வீட்டுல மடிக்கிறது. உறவு வேணும்னா உங்க பக்கம் மடிக்கணும்,” என்று பதறினார் அக்கா.

மக்கு மாதிரி நான் அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். ஹான்ஸின் முகம் வெளுத்துவிட்டது. டேவிட் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹான்ஸ் இலையை விரித்தார். ரசம் கால்சட்டையில் கொட்டியது. தன் பக்கமாக மடித்துவிட்டு, “மகன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்டார்.

“பதினொரு நாளாகத் தகவல் இல்லை,” என்றார் டேவிட்.

“போரைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் உன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பேசியது தப்பு.”

டேவிட் மீதிச் சோற்றை முடித்துத் தன் இலையைத் தன் பக்கமாக மடித்தார். திரும்பும்போது இருவரும் நடு சீட்டில் உட்கார்ந்து இயந்திரத்தின் வெப்ப அளவைப் பற்றி வாதாடிக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது வாரம் லைன் ஓடியது.

போகிறவர்களுக்கு: காலை ஏழுக்குள் கிளம்புங்கள், பாலிங்கை ஒட்டிய சுண்ணாம்புக்கல் மலையை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். மாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கூலிமுக்குள் நுழையாதீர்கள். கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்தே வர வேண்டியிருக்கும்.

நிரந்தர வேலைக் கடிதம் வந்த அன்று துள்ளிக் குதித்தேன். ஆறு மாதம் கழித்து டேவிட் ஊருக்குத் திரும்பினார். வழியனுப்பக் கேக் வெட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். மகனிடமிருந்து தகவல் வந்ததா என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.