ஒஸ்டின் காருக்கு அடியில் ஒரு தகரப் பேணி

சண்டைக் காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், வேளாண்மை வெட்டி முடிஞ்ச நேரம். மண்டூர்த் துறையில பாதை ஏறி, வாவியைக் கடந்து, குருமண்வெளிப் பக்கம் இறங்கின இடத்தில இது நடந்தது. எங்கட பக்கத்தில பாதை எண்டு சொல்றது ரோட்டை இல்ல. ரெண்டு வள்ளத்தைச் சேர்த்து மேல பலகை அடிச்சிருக்கும். ஆளும் மாடும் வாகனமும் அதில ஏறித்தான் அக்கரைக்குப் போகும்.

என்ட அக்கா இறந்து ரெண்டு மூண்டு வருசம் ஆகியிருந்தது. அக்காட புருசன், என்ட அத்தான், பெரிய பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிச்சவர். அவங்கட ஒரே மகள் அவுஸ்திரேலியாவில. தனிய இருக்கிற அப்பாவை அங்க எடுக்கிறதுக்கு அவள் எல்லா அலுவலும் முடிச்சிட்டாள். அத்தான் மட்டும் ஒரே பிடியில நிண்டார். கார் வந்தாத்தான் நானும் வருவன் எண்டார்.

கார் எண்டா கறுப்பு நிற ஒஸ்டின். ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகக்குள்ள வித்திட்டுப் போனது.

"அங்க ரோடு முழுக்கப் புதுக் கார்தானாம் அண்ணன். இந்தக் கிழவியைக் கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?" எண்டு எங்கட வீட்டுக்காரர் பகிடி பண்ணினார்.

"கிழவியைத் தனிய விட்டுட்டு நான் மட்டும் கப்பலேறவா?" எண்டார் அத்தான். பகிடிக்குச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. ஆனா முகம் சிரிக்கல்ல.

அந்தக் காரை ஓடினது அத்தான் இல்ல, அக்கா. எங்கட பக்கத்தில கார் ஓடின முதல் பொம்பிளை அவதான். அவ வயல் வட்டை ரோட்டால போகக்குள்ள வயல் வெட்டுறவங்க தாக்கத்தியைக் கையில பிடிச்சபடி நிமிர்ந்து பார்ப்பாங்க. "பொண்டாட்டியை ஓட விட்டுட்டு வாத்தியார் பக்கத்தில குந்தியிருக்கார் பாரன்" எண்டு நையாண்டி பண்ணுவாங்க. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு சிரிச்சபடி இருப்பார். அக்கா தனிய டவுனுக்குப் போனாலும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டார். எனக்கெல்லாம் கடைக்குப் போய்ப் பாக்கு வாங்கவே வெட்கம். அக்காவைப் பார்த்து ஆசையாவும் இருக்கும், பயமாவும் இருக்கும்.

இன்னொண்டையும் சொல்லோணும். எங்கட ஊரில வீடு கட்டினாலும் வண்டில் வாங்கினாலும் கட்டாடியாரிட்ட போய்க் காவல் செய்விப்போம். கட்டாடியார் எண்டா அம்மன் கோயில்ல பூசை செய்யிறவர். செம்புத் தகட்டில எழுதி, சுருட்டி, திருநீறோட மூடி போட்ட ஒரு சின்னத் தகர டின்னுக்குள்ள, எங்கட பேச்சில பேணிக்குள்ள, போட்டு, மஞ்சள் துணி சுத்தி, முடிச்சுப் போட்டுத் தருவார். எங்கட வாசல் நிலைக்கு மேலயும் ஒண்டு கிடக்கு. அத்தான் வரக்குள்ளெல்லாம் அதை அண்ணாந்து பார்த்து, "செம்புக்குள்ளால கரண்ட்தான் பாயும் மச்சாள், பேய் பாயாது" எண்டு சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோவம் வரும். படிச்ச மனிசனோட என்னத்தைக் கதைக்கிற?

சண்டை கடுமையானதுக்குப் பிறகு ஓடுற வாகனத்தை ஆர் வந்து எடுத்துக்கொண்டு போவாங்க எண்டு சொல்லேலாது. அதால காரை வயல் வாடியில, காவல் குடிலுக்குப் பக்கத்தில விட்டு, சில்லைக் கழட்டிப்போட்டு, மேல வைக்கலைக் குவிச்சு மூடினாங்க. பார்த்தா வைக்கல் போர்தான். நாலு சில்லும் நாலு வீட்டில. ஒண்டு எங்கட கட்டிலுக்குக் கீழ கிடந்தது. அக்கா இறந்ததும் அந்தக் காலத்திலதான், காய்ச்சலில. டவுனுக்குக் கொண்டு போக வாகனம் இல்ல. கார் வைக்கலுக்குள்ள கிடந்தது.

மறுகா அத்தானுக்குப் பயணம் சரி வந்ததும், ஆமி, இயக்கம் எண்டு ரெண்டு பக்கத்தாலயும் பாஸ் எடுத்து, வைக்கலைப் பிரிச்சு, சில்லுகளை உருட்டிக்கொண்டு வந்து பூட்டினாங்க. உள்ளுக்க எலி குட்டி போட்டிருந்தது. எங்கட வீட்டுக்காரர் மெக்கானிக்கைக் கூட்டி வந்து ஒருமாதிரி ஓட வைச்சிட்டார். கொழும்புத் துறைமுகம் வரைக்கும் அவர்தான் ஓடுறது. பொம்பிளை ஒராள் இருந்தா ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றியில கரைச்சல் குறைவு எண்டு என்னையும் ஏத்தினாங்க. நான் கொழும்பைக் கண்டதில்ல. மடியில சோத்துப் பொதியை வைச்சுக்கொண்டு பின் சீட்டில ஒடுங்கி இருந்தேன்.

பாதையால கரைக்கு இறங்கக்குள்ள பலகை வழுக்கி, முன் பக்கம் தண்ணிக்குள்ள ஒரு தரம் முங்கி எழும்பினது. அடியில ஒட்டிக் கிடந்த பழைய சேறும் வைக்கலும் ஊறிக் கழண்டு விழுந்தது. நாங்க அதைப் பார்த்துச் சிரிச்சோம். "கிழவி குளிச்சிட்டாள்" எண்டார் அத்தான்.

கொஞ்சத் தூரத்தில சென்றி. இறங்கச் சொன்னாங்க. அத்தானையும் எங்கட வீட்டுக்காரரையும் மண் மூட்டைப் பக்கம் அனுப்பினாங்க. நான் கார் ஓரத்தில நிண்டேன். ஒரு இளந்தாரி ஆமிக்காரன் குனிஞ்சு, படுத்து, காருக்கு அடியில டோர்ச் அடிச்சான்.

அவன் கத்தின கத்து இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. "பொம்ப! பொம்ப!" எண்டு கத்திக்கொண்டு தவண்டு வெளிய வந்து ஓடினான். சென்றியில நிண்டவனெல்லாம் துவக்கை நீட்டிக்கொண்டு பின்னால போறான். அத்தானையும் எங்கட ஆளையும் குப்புற விழுத்தி, முதுகில காலை வைச்சிட்டாங்க. அத்தான்ட கண்ணாடி ரோட்டில போய் விழுந்தது. பாதையால வந்த சனம் முழுக்கத் திரும்பி வாவிக்கரைக்கு ஓடுது. என்ட கையிலிருந்த சோத்துப் பொதி எப்ப விழுந்ததெண்டு தெரியாது.

ஓடவும் ஏலாம அப்படியே குந்திட்டேன். குந்தினதாலதான் அது கண்ணில பட்டது. ஓடுறவர்ட சீட்டுக்கு நேர் கீழ, கம்பியால கட்டி, தகரப் பேணி ஒண்டு தொங்குது. அதைச் சுத்தின துணி கறுத்துப் போயிருந்தது. ஆனா ஒரு ஓரத்தில மஞ்சள் தெரிஞ்சது. முடிச்சுக்கு மேல முடிச்சு. எங்கட வாசல் நிலையில இருக்கிற அதே கட்டு.

அங்கால எங்கட வீட்டுக்காரரைத் துவக்குப் பிடியால அடிக்கிற சத்தம் கேட்டது. "ஆர் வைச்ச?" எண்டு உடைஞ்ச தமிழில கேட்டுக் கேட்டு அடிக்கிறான். அவருக்கு என்ன தெரியும்? தெரியாது தெரியாது எண்டு கத்துறார். இன்னும் கொஞ்ச நேரம் போனா ரெண்டு பேரையும் கொண்டு போயிருவாங்க. கொண்டு போனவங்க திரும்பி வந்த கதை எங்கட ஊரில குறைவு.

வேற்று ஆம்பிளைக்கு முன்னால வாய் திறக்காத நான் எழும்பிக் கத்தினேன். முந்தி எங்கட ஊருக்குப் பாண் கொண்டு வந்த சிங்களக் கிழவரிட்ட பழகின நாலு சொல்லுத்தான் எனக்குத் தெரியும். "பொம்ப நெவெய் மாத்தயா, யந்த்ரய! யந்த்ரய!" குண்டு இல்ல, காவல் எண்டு சொன்னேன்.

மீசை நரைச்ச ஒராள் என்னைப் பார்த்தார். அவர்தான் பெரியவர் போல. நம்பல்ல. அப்ப நீயே எடு எண்டு கையால காட்டினார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில போனேன். மல்லாக்கத்தான் போக ஏலும். முதுகில கல்லுக் குத்துது. பேணி என்ட மூக்குக்கு நேர வந்தது. கையைக் கொண்டு போகக்குள்ளதான் அந்த நினைப்பு வந்தது. இந்தக் கார் அவ்வளவு காலம் வைக்கலுக்குள்ள கிடந்ததே. வாடியில ஆர் ஆரெல்லாமோ வந்து படுத்திட்டுப் போனாங்களே. காவல் மாதிரியே கட்டி வேற ஏதும் வைச்சிருந்தா? அத்தான் இந்தக் காருக்குக் காவல் கட்டியிருக்கவே மாட்டார். அப்ப இது ஆர் கட்டினது?

கண்ணை மூடினேன். பிள்ளையள்ட முகம்தான் வந்தது. கண்ணை மூடியபடியே கம்பியை முறுக்கி அவிழ்த்தேன். பேணி நெஞ்சில விழுந்தது. நான் செத்திட்டேன் எண்டுதான் நினைச்சேன். அப்ப என்ட சத்தம் எனக்கே கேட்டது, ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி.

வெளிய வந்ததும், தூர நிண்டுகொண்டே திறக்கச் சொன்னாங்க. துருப்பிடிச்ச மூடி. பல்லால கடிச்சுத் திறந்தேன். திருநீறு கொட்டினது. பச்சை பிடிச்ச செம்புச் சுருள் ஒண்டு, காஞ்சு கல்லான தேசிக்காய் ஒண்டு. அவ்வளவுதான்.

மீசைக்காரர் கிட்ட வந்தார். சுருளைத் தொடல்ல. தன்ட சட்டைக் கையை மேல சுருட்டினார். புயத்தில கறுத்த நூலில சின்னதா ஒரு வெள்ளிக் குழாய் கட்டியிருந்தது. அதைக் காட்டி, என்னையும் பார்த்து, தலையை ஆட்டினார். பொடியனுக்கு ஒரு ஏச்சு விழுந்தது. பாஸைத் திருப்பித் தந்து போகச் சொல்லிட்டார்.

எங்கட வீட்டுக்காரர் வாயில ரத்தத்தைத் துடைச்சுக்கொண்டு, "உனக்கு விசரா புள்ள? வெடிச்சிருந்தா?" எண்டு என்னைத்தான் ஏசினார். ஏசிக்கொண்டே என்ட கையை விடல்ல.

அத்தான் உடைஞ்ச கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். பேணியைக் கண்டதும் அவர்ட முகம் போன போக்கை நான் சொல்ல ஏலாது. ஆமிக்காரன் அடிக்கக்குள்ள கூட அப்படிப் போகல்ல. ரோட்டோரத்தில அப்படியே இருந்திட்டார்.

"இது நான் கட்டினது மச்சாள்" எண்டார்.

எனக்கு விளங்கல்ல. அத்தானா?

"உங்கட அக்கா முதல் முதல் தனிய டவுனுக்கு ஓடப் போறன் எண்டு நிண்ட கிழமை. எனக்கு நித்திரை இல்ல. ஒருத்தருக்கும் சொல்லாதங்க எண்டு கட்டாடியாரிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டு, நானே படுத்துக் கட்டினன். மறந்தே போனன். மெய்யா மறந்தே போனன்."

"அக்காக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பாளா?" எண்டிட்டு அழத் தொடங்கிட்டார். அக்காட செத்த வீட்டில கூட அவர் அப்படி அழல்ல. "காரைக் காத்தது, அவளைக் காக்கல்ல" எண்டு ஒரு தரம் சொன்னார்.

காவலைத் திரும்பக் கட்டித்தான் கொண்டு போனோம். ஆனா துறைமுக அலுவல் பார்க்கிற ஆள், அந்த நாட்டுக்கு ஒரு வைக்கல் துரும்பும் போகக்கூடாது, அடியெல்லாம் கழுவித் துப்புரவாக்கித்தான் கப்பல்ல ஏத்துவாங்க எண்டார். அத்தானே குனிஞ்சு அவிழ்த்து என்ட கையில தந்தார். கார் கப்பல்ல போனது, அவர் பிளேன்ல போனார். பிறகு திரும்பி வரல்ல, அங்கயே கண்ணை மூடிட்டார். அந்தக் காரை இப்ப அக்காட பேத்தி ஓடுறாளாம். ஸ்டியரிங் பிடிச்சபடி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அக்காட அதே இருப்பு.

அந்தப் பேணி நெஞ்சில விழுந்ததை நினைச்சா இப்பவும் எனக்குப் பயம்தான். ஆனா அதை விட என்னை அதிர வைச்சது மற்றதுதான். கையைக் கட்டிக்கொண்டு சிரிச்சபடி இருந்த மனிசன், தன்ட பயத்தையெல்லாம் அக்காட சீட்டுக்குக் கீழ கட்டி வைச்சிட்டு, அவவை ஓட விட்டிருக்கிறார். அக்கா கடைசி மட்டும் அது தெரியாமலே சந்தோசமா ஓடியிருக்கிறா.

சண்டை முடியிறதுக்கு முந்தியே என்ட கடைசி மகள் செங்கலடியில வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டர் வாங்கினாள். வழி முழுக்கச் சென்றி. போகாத எண்டு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொல்லல்ல, போயிட்டு வா மகள் எண்டு மட்டும் சொன்னேன். அவள்ட சீட்டைக் கழட்டினா உள்ளுக்குள்ள என்ன கிடக்கு எண்டு இண்டைக்கும் அவளுக்குத் தெரியாது. இதை வாசிச்சா ஏசுவாள், ஏசட்டும், அவள் ஓடினாப் போதும் எனக்கு.