டூத்பிரஷ் முடியில் இழுத்த நூல்

ஐம்பதுகளின் கடைசியில் செங்கல்பட்டுப் பள்ளி ஒன்றில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தேன். என்மேல் எனக்கிருந்த மதிப்பு ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

கடப்பாக்கத்தில் வலை வீசும் சிநேகிதர் ஒருவர், புதிதாக வந்த நைலான் நூலைக் காட்டினார்.

"இன்னா வாத்யாரே, தண்ணில கெடந்தாலும் அழுவிப் போவ மாட்டேங்குது. எப்டி செய்றானுங்க இத்த?"

"பிரமாதமில்லை. அடுத்த ஞாயிறு நானே செய்து கொண்டுவருகிறேன்" என்றேன். வாய்தானே, சொல்லிவிட்டது.

வீட்டில் இருந்த மூன்று டூத்பிரஷ்களின் நைலான் முடிகளை வெட்டி, இரும்புக் கரண்டியில் போட்டு ஸ்டவ்வில் உருக்கினேன். குச்சியால் தொட்டு இழுத்தால் நூல் வந்தது. வெடுக்கென்று சுண்டினால் அறுந்தது. இன்னொரு பிளாஸ்டிக்கைக் கலந்தால் பலம் கூடும் என்று என் மூளை சொன்னது. கைக்கு அகப்பட்டது மனைவியின் சீப்பு.

அது கற்பூரம் சேர்த்துச் செய்யும் செல்லுலாயிட் என்பது கரண்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. குப்பென்று பற்றிக்கொண்டது. என் இடது புருவம் போயிற்று. அடுக்களை முழுக்கக் கற்பூர வாசனை. ஆரத்திக்குத் தட்டு ஒன்றுதான் குறை.

மனைவி ஓடி வந்தாள்.

"பல்லும் தேய்க்க முடியாது, தலையும் வார முடியாது. இதுக்குத்தான் பி.எஸ்ஸி. படிச்சீங்களா?"

திட்டிக்கொண்டே, நான் முன்பு இழுத்து வைத்திருந்த நூல் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தாள். அது அறுந்துபோகவில்லை. நடுவில் ஓரிடம் ஒடுங்கி, அந்த ஒடுக்கம் இரண்டு பக்கமும் ஓடி, நூல் மூன்று மடங்கு நீண்டது. அதற்கப்புறம் நீளவே இல்லை.

"இப்ப அறுங்க, பாப்போம்."

இழுத்தேன். விரலில்தான் ரத்தம் வந்தது.

தாறுமாறாகக் கிடக்கும் மூலக்கூறுகள் இழுக்க இழுக்க ரேஷன் கடை வரிசைபோல ஒரே திசையில் நின்றுவிடும், பலம் அதனால்தான். இதைப் புத்தகத்தில் படித்து, பரீட்சை எழுதி, பாஸும் செய்தவன் நான். கைக்கு வந்தது அவளுக்கு.

மீதி நூலையும் அவளே இழுத்து முடித்தாள். ஞாயிறன்று இருவரும் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தோம்; இழுத்தது யார் என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். சிநேகிதர் கடித்துப் பார்த்தார், காலில் கட்டி இழுத்துப் பார்த்தார், கடைசியில் தன் பருத்தி வலையில் ஓர் ஓட்டையை அந்த நூலால் அடைத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு கூடை மீனோடு வந்தார்.

"வலை சுத்திலும் இத்துப் பூட்ச்சி. ஓட்டைய அடைச்ச எடம் மட்டும் அப்டியே கீது" என்றார்.

வாங்கக் கை நீட்டினேன். கூடையை அவளிடம் கொடுத்தார்.