ஆமையார் குறுக்கு வழியில் போன நாள்

மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் வைத்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு பைக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பதினோரு வருஷமாக அதே பைக், அதே வேகம். சைக்கிளில் போகிறவர்கள்கூட அவரை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். 'ஆமையார்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

அவருக்கு அதில் வெட்கமே கிடையாது. ரயில்வே கேட் வழியாகப் போனால் பதினைந்து நிமிஷம்தான், ஆனால் குண்டும் குழியும். ஆற்றோரச் சாலை வழவழவென்றிருக்கும், நாற்பது நிமிஷம் ஆகும். "பதறாத காரியம் சிதறாது. குலுக்கினா ரத்தம் உடைஞ்சுடும், உடைஞ்ச ரத்தம் பொய் சொல்லும்" என்பார், பெரிய டாக்டர் மாதிரி. படித்தது ஒன்பதாம் வகுப்பு. சொன்னது என்னவோ சரிதான்.

அவர் மனைவிக்கு ஹெபடைட்டிஸ் சி. மகள் பிறந்தபோது ஏற்றிய ரத்தத்தோடு வந்து, இருபது வருஷம் மூச்சுக்காட்டாமல் இருந்துவிட்டு இப்போது தலைகாட்டியிருந்தது. ஈரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்று தெரியவேண்டும். ஸ்கேன் அப்படியும் இப்படியுமாகச் சொன்னது. விலா இடுக்கில் ஊசி விட்டு ஈரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பேயைக் கண்டாலும் நலம் விசாரிக்கிற அந்த அம்மாளுக்கு, ஊசி என்றதும் பேச்சே நின்றுவிட்டது.

டாக்டர் மனமிரங்கினார். "ஒரு ஆராய்ச்சி நடக்குதும்மா. ஈரலு ரத்தத்துக்குள்ள விடுற மைக்ரோ ஆர்என்ஏன்னு சின்னச் சின்னத் துணுக்குகளை எண்ணிப் பாக்குறாங்க. அதையும் ஸ்கேனையும் சேர்த்து வச்சுப் பார்த்துட்டு, ஊசி வேணுமான்னு முடிவு பண்ணலாம்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நரம்பு அகப்பட மூன்று குத்து. அன்று பெட்டியில் அந்த ஒரு குழாய்தான். அதைப் பார்க்கப் பார்க்க ஆமையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வண்டியை ரயில்வே கேட் பக்கம் திருப்பினார். பன்னிரண்டே நிமிஷம்.

ஆய்வுக்கூடத்து அம்மா குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டும். ரோஸ் நிறத்தில் இருந்தது.

"சிவப்பணு உடைஞ்சிருக்குண்ணே. அதுக்குள்ள இருந்த துணுக்கெல்லாம் கொட்டிக் கலந்துடுச்சு. இதுல எது ஈரலோடதுன்னு பிரிக்க முடியாது." சீட்டில் இருந்த பெயரைப் படித்ததும் அவர் குரல் இறங்கியது. "நாளைக்கு அண்ணியை இங்கேயே கூட்டிட்டு வாங்க. நானே எடுக்குறேன்."

வீட்டு வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார். அவள் மூன்று குத்து வாங்கிய கையைத் தடவிக்கொண்டாள்.

"ஊரார் ரத்தத்தையெல்லாம் பச்சைக்குழந்தை மாதிரி கொண்டுபோனீங்க. என் ரத்தத்தைத்தான் போட்டு உருட்டினீங்களா?"

"பயமா இருந்துச்சு."

அந்த மனுஷன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை மறுபேச்சில்லாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பரிசோதனை நல்லபடியாக முடிந்து, ஈரலில் ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் பிற்பாடு. அவள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அந்தக் காலைப் பயணத்தைத்தான்.

ஆற்றோரச் சாலைதான். சின்னப் பள்ளம் வந்தாலும் பைக் நின்று, யோசித்து, ஓரமாக ஒதுங்கிப் போனது. காய்கறி மூட்டையோடு ஒரு பெரியவர் சைக்கிள் மணியடித்துக்கொண்டே முந்தினார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பெட்டி காலியாத்தான் இருக்கு! ரத்தம் இன்னும் என் உடம்புக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் வேகமாப் போனாத்தான் என்ன?"

ஆமையார் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதனாலதான் மெதுவாப் போறேன்" என்றார்.